புள்ளிக் கணக்கில் வராதவர்கள்

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் என்றால் அவர்கள் கோயிலிலிருந்து மாலை வரும். மாலை வந்து முகூர்த்தம் முடிந்துவிட்டால் அவனும் அவன் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களுக்கும் இதுதான் முறை. வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் விழும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமே ஆகாதவருக்கு ஐம்பது வயதானாலும் தனிப் புள்ளி கிடையாது.

வீட்டைக் கட்டியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் தரைக் கல்லையும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாகப் பூட்டியிருக்கும் அறைகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சாமான், தனிக் கணக்கு. அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளுக்கென்று ஒரு அறை கிடையாது.

இதற்கும் பாலின வன்முறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். திருநர் மீதும் தன்பாலீர்ப்பாளர் மீதும் நடக்கும் வன்முறை என்றதும் நமக்குப் பஸ் ஸ்டாண்டில் அடிபடும் திருநங்கைதான் நினைவுக்கு வருகிறார். அது கண்ணில் படுவது. கண்ணில் படாத பெரும்பகுதி வீட்டுக்குள், கல்யாணப் பேச்சோடு தொடங்குகிறது என்பது என் கட்சி. தெருவில் நடப்பது பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. சட்டமோ தெருவைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

நகரத்தாரை மட்டும் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செட்டிநாட்டில் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. வல்லம்பர், கள்ளர், யாதவர், முத்தரையர், தலித் மக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று எல்லோரும் சேர்ந்ததுதான் இந்த வட்டாரம். புள்ளி என்ற ஏற்பாடு அவர்களிடம் இல்லாவிட்டாலும் மொய் நோட்டு இருக்கிறது. இருபது வருஷமாக ஊரெல்லாம் போட்ட மொய் அந்த நோட்டில் எழுதிக் கிடக்கும். அதைத் திரும்ப வாங்க வீட்டில் ஒரு விசேஷம் வந்தாக வேண்டும். காதுகுத்து, பூப்பு நீராட்டு, மொய் விருந்து என்று வேறு வழிகள் உண்டுதான், ஆனால் கல்யாணத்துக்கு வருகிற மொய்யே வேறு. 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அந்த நோட்டும் கூடவே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாசம், மானம், பயம் எல்லாம் பேச்சில் வரும். பணம் மட்டும் பேச்சில் வராது.

அப்புறம், பாலின அடிப்படையிலான வன்முறை என்றால் என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது. ஆண் இப்படித்தான் நடக்க வேண்டும், பெண் இப்படித்தான் உட்கார வேண்டும், ஆண் பெண்ணைத்தான் விரும்ப வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதை மீறியதற்குத் தண்டனையாக விழுவது எதுவானாலும் இந்த வகையில் சேரும். அடி, வசவு, பூட்டிவைப்பது, பட்டினி போடுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, போனை வாங்கி உடைப்பது, விருப்பமில்லாத உறவுக்குள் தள்ளுவது எல்லாம் இதில் அடக்கம். இருட்டின பிறகு வீடு திரும்பிய மகளை அடிக்கும் கையும், இடுப்பை ஆட்டி நடந்த மகனை அடிக்கும் கையும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. அதனால்தான் இதை 'அவங்க பிரச்சினை' என்று தள்ளிவைக்க முடியாது.

கல்யாணம் என்னும் மருந்து

பையன் தன்பாலீர்ப்பாளன் என்பது வீட்டில் தெரிய வருவது பெரும்பாலும் போன் வழியாகத்தான். ஒரு மெசேஜ், ஒரு போட்டோ, திறந்து கிடந்த ஒரு ஆப். முதலில் கத்தல், பிறகு அழுகை, பிறகு சில நாள் பேச்சே இருக்காது. அதற்கப்புறம் வருகிற வசனம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இங்கே ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா.

"ஒரு கால்கட்டப் போட்டா எல்லாம் சரியாப் போகும்."

"ஆத்தா, எனக்கு வேணாம்னு சொல்றேன்ல."

"அப்பச்சி பங்காளி முகத்துல எப்புடிப்பா முழிப்பாக? ஒன் தங்கச்சிய யாரு எடுப்பா?"

தங்கச்சியை இழுத்த பிறகு அந்தப் பையனிடம் வாதம் மிச்சமிருக்காது. யாரும் கை ஓங்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. ஆனாலும் இது வன்முறைதான். இதில் இன்னொரு ஆளும் மாட்டுகிறாள். அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பையனுக்குக் கட்டிவைக்கப்படும் பெண். அவளுக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. இரண்டு வருஷம் போனதும் 'ஏன் இன்னும் குழந்தையில்லை' என்ற கேள்வி அவள் பக்கம்தான் திரும்பும். டாக்டர், ஜாதகம், பரிகாரம் எல்லாம் அவளுக்கு. கடைசியில் விவாகரத்து என்றாலும் அதன் கெட்ட பெயரும் அவளுக்கே. ஒரு ஆணின் உண்மையை மூடிவைக்க ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் செலவழிக்கிறார்கள். பாலின வன்முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் தேடிப் போக மாட்டேன்.

பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் திருநம்பிக்கும் நிலைமை இன்னும் இறுக்கம். பையன் வேலை என்று சொல்லிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடலாம். வெளியூர் போவது இந்த மண்ணில் ஆண்பிள்ளைக்குப் பழகிய வழிதான். பெண்ணாகப் பிறந்தவருக்கு அந்த வாசல் அவ்வளவு சுலபத்தில் திறக்காது. படிப்பை நிறுத்துவார்கள், போனைப் பிடுங்குவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். திருநங்கை வீட்டைவிட்டு ஓடினால் ஏற்றுக்கொள்ள, திருநங்கைகளே சேர்ந்து குடும்பம்போல் வாழும் ஜமாத் என்று ஓர் ஏற்பாடு காலங்காலமாக இருக்கிறது. திருநம்பிக்கு அப்படி எதுவும் கிடையாது. தன்னை ஆணாக உணர்கிற ஒருவரைப் புடவை கட்டி மணையில் உட்காரவைத்தால் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கட்டாய உறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின்படி பாலியல் வன்கொடுமை ஆகாது. 63ஆம் பிரிவிலேயே அந்த விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே, கட்டிவைத்த வீட்டாரும் தப்பு செய்யவில்லை, கட்டிக்கொண்டவனும் தப்பு செய்யவில்லை என்று ஆகிறது.

கல்யாணத்துக்கு முன்னோட்டமாக 'வைத்தியம்' நடக்கும். வசதி குறைந்த வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். வசதியான வீட்டில் மதுரைக்கோ சென்னைக்கோ ரகசியமாகக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுவார்கள். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17இல். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஊர் ஒழுக்கத்தோடு ஒத்துப்போகாததை மனநோய்க்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அதாவது, 'உங்கள் பையனை மாற்றித் தருகிறேன்' என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தாயத்துக் கட்டுகிறவர் மீது புகார் கொடுக்கக் கவுன்சில் ஏதும் இல்லை.

காணவில்லை என்றொரு புகார்

வீட்டை விட்டுப் போய்விட்டால்? அடுத்த காலையில் ஸ்டேஷனில் 'என் மகளைக் காணவில்லை' என்று ஒரு புகார் விழும். மகள் எங்கே, யாரோடு இருக்கிறாள் என்பது வீட்டுக்குத் தெரியும். ஆனாலும் 'காணவில்லை'தான். மகளுக்கு இருபத்திரண்டு வயது என்றாலும் போலீஸ் போனை டிரேஸ் செய்து, வெளியூர் போய் அழைத்துவந்து, ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசும். 'பெத்தவங்களப் பாத்தா பாவமா இல்லையா' என்பார்கள். எழுதிக் கையெழுத்து வாங்கி வீட்டோடு அனுப்பிவைப்பார்கள். கேஸ் முடிந்தது என்று போலீஸ் நினைக்கும். அந்தப் பெண்ணுக்கு அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

இந்த வழக்கத்தின் மீது கை வைத்தது சென்னை உயர் நீதிமன்றம். வழக்கு கிளம்பியது மதுரையிலிருந்து. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இந்த விஷயம் தனக்குப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தாமே அமர்ந்து பேசிக் கேட்டுக்கொண்டார். 2021 ஜூன் 7இல் வந்த உத்தரவில் போலீசுக்குச் சொன்னது இதுதான். காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்தவர்கள், மனமொத்துச் சேர்ந்திருப்பவர்கள், பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) என்று தெரிந்தால், அவர்களுடைய வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்கும் அதே உத்தரவில் தடை. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதிகளில் 24சி என்று ஒரு விதி சேர்ந்தது. இந்தச் சமூகத்தினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது.

விதி வந்தால் போதுமா? 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்துக்கு, அடைபட்டவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண். அவள் விருப்பத்துக்கு மாறாகப் போலீசே அவளைப் பெற்றோருடன் அனுப்பியிருந்தது. வீட்டில் அடைத்துவைத்து அடித்ததாக அவள் சொன்னாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவளை விடுவித்தது. போலீசின் போக்கையும் கண்டித்தது. ஒருவர் தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான், குடும்பம் உண்டாகக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தன்பால் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் ஏற்க மறுத்த பிறகு வந்த தீர்ப்பு இது. கல்யாணம் என்ற ஒற்றைக் கதவைச் சுற்றியே எல்லாம் நடக்கிற நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய வாக்கியம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு சட்டத்தின் உதவியைக் கேட்க முடியாதா? பெண்ணாகப் பிறந்தவருக்கு முடியும், அது பலருக்கும் தெரியாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்கிற எந்தப் பெண்ணும் அதைப் பயன்படுத்தலாம். மகள் அப்பச்சி மீதும் அண்ணன் மீதும் மனுக் கொடுக்கலாம். 2016இல் 'வயதுவந்த ஆண்' என்ற கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் நீக்கியதால் ஆத்தா மீதும் கொடுக்கலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கையும் இந்தச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆணுக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவனை வீட்டில் அடைத்துவைத்தால் சாதாரணக் குற்றவியல் பிரிவுகள்தான்.

பங்கும் சீரும்

வன்முறை என்ற சொல்லோடு சொத்தைச் சேர்த்துப் பேசுவது சிலருக்கு விநோதமாக இருக்கும். செட்டிநாட்டில் அதை விட்டுவிட்டுப் பேசுவதுதான் விநோதம். வழமைப்படி மகனுக்கு வீட்டில் பங்கு. மகளுக்குச் சீர், நகை, சாமான். பிள்ளை இல்லாவிட்டால் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். பங்கு அந்த வழியில் தொடரும். இந்த ஏற்பாட்டுக்குள் மகனாகப் பிறந்து மகளாக வாழ்கிறவரை எங்கே வைப்பது? மகன் இல்லை, அதனால் பங்கு இல்லை. மகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் சீரும் இல்லை.

சட்டத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. இந்து வாரிசுரிமையில் மகனென்றாலும் மகளென்றாலும் பங்கு ஒரே அளவுதான். அதனால் ஒருவர் பாலினம் மாறியதைக் காட்டி அவர் பங்கைக் குறைக்க முடியாது. இதனால்தான் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிவாங்கும் 'விடுதலைப் பத்திரம்' என்ற காகிதம் வேலைக்கு வருகிறது. பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டை விற்கவோ பிரிக்கவோ எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பல வருஷமாக எட்டிப் பார்க்காத திருநங்கை மகளை அப்போதுதான் தேடிப் போவார்கள். சொந்தம் கொண்டாடுவார்கள், சோறு போடுவார்கள், கையில் ஒரு தொகையைக் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆத்தாவைப் பார்க்க விடுகிறோம் என்பதையே விலையாக வைக்கிற வீடும் உண்டு. அதற்கப்புறம் அந்த வீட்டுத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், அதில் அவருக்குக் காலணா இல்லை. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம். ஆனால் விவரம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். ஊரைவிட்டு ஓடியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்தக் காலக் கெடுவைத்தான்.

தெருவுக்கு வந்தவர்கள்

திருநங்கைகளுக்கு வீடு மூடுவதற்கு முன்பே பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது. எட்டாவது ஒன்பதாவதில் குரலும் நடையும் பேச்சுப்பொருள் ஆகும். 'ஒம்பது' என்று கூப்பிடுவதில் தொடங்கி, பாத்ரூமில் மடக்குவது வரை போகும். ஆசிரியரே வகுப்பில் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பதும் நடக்காமல் இல்லை. திருநர் பிள்ளைகளைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021இல் தயாரித்த பயிற்சிக் கையேடு எதிர்ப்பு வந்ததும் இணையத்திலிருந்து காணாமல் போனது. கல்லூரியில் நிலைமை காகிதத்தில் கொஞ்சம் தேவலை. யு.ஜி.சி.யின் ராகிங் தடை விதிமுறையில் 2016இல் திருநர் என்பதற்காகவும் பாலீர்ப்புக்காகவும் செய்யும் கேலி, ஒதுக்கல் எல்லாம் ராகிங் என்று சேர்த்துவிட்டார்கள். அழகப்பா செட்டியார் 1947இல் தொடங்கிய கலைக் கல்லூரியிலிருந்து வளர்ந்த படிப்பு ஊர் காரைக்குடி. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் நல்லது.

படிப்பு பாதியில் நின்று, வீடும் இல்லை என்றால் மிச்சமிருப்பது கடை கேட்பதும் (கடை கடையாகப் போய்க் காசு கேட்பது) பாலியல் தொழிலும். ஜமாத் சோறும் பெயரும் கொடுக்கிறது. 'மகளே' என்று கூப்பிட ஒரு தாயைக் கொடுக்கிறது. அதே ஜமாத்தில் கடனும் உண்டு, தண்டனையும் உண்டு. அதை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. வேறு கதவு இல்லாதபோது இருக்கிற ஒரே கதவின் காவலாளிக்கு அதிகாரம் கூடத்தான் செய்யும். ராத்திரி ரோட்டில் நிற்கிறவரிடம் காசு கொடுக்காமல் போகிறவன், பையைப் பறிப்பவன், கூட்டமாக வந்து தூக்கிப் போகிறவன், கேஸ் போடுவேன் என்று மிரட்டும் சீருடை என்று நான்கு பக்கமும் அடி. போலீஸ் கொடுமை தாளாமல் 2006இல் சென்னையில் ஒரு திருநர் தீக்குளித்து இறந்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. திருநர் நலவாரியத்தை நாட்டிலேயே முதலில் தமிழ்நாடு தொடங்கியது அதற்கும் அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில்.

தன்பாலீர்ப்பு ஆண்களுக்குத் தெரு வேறு மாதிரி. ஆப்பில் இனிக்கப் பேசி, கண்மாய்க்கரைக்கோ பைபாஸ் ஓரத்துக்கோ வரச்சொல்லி, நாலு பேர் சூழ்ந்து அடித்து, வீடியோ எடுத்து, ஜி-பே பண்ணச் சொல்வார்கள். 'ஒங்க அப்பச்சிக்கு அனுப்பட்டுமா' என்ற ஒரு வரி போதும், கேட்ட பணம் வந்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் இது பணப்பறிப்புக் குற்றம். புகார் கொடுக்கத்தான் ஆள் வராது. வந்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பறிக்கிறவனுக்கு ஆயுதம் கத்தியில்லை, அந்த வீடுதான்.

சட்டத்தில் ஒரு பள்ளம்

2018 செப்டம்பர் 6இல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் குறுக்கியது. வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை. ஆனால் சம்மதமில்லாமல் செய்வதற்கு அந்தப் பிரிவு தொடர்ந்து பொருந்தும் என்று விட்டுவைத்தது. 2024 ஜூலை 1இல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்தப் பிரிவே மொத்தமாகப் போய்விட்டது. பாலியல் வன்கொடுமை என்ற 63ஆம் பிரிவு ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்வதை மட்டும் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஆண்பிள்ளைக்கும் போக்சோ சட்டம் காவல். பதினெட்டு முடிந்த மறுநாளிலிருந்து, ஓர் ஆணைப் பாலியல் வன்முறை செய்தவன் மீது காயப்படுத்தியது, அடைத்துவைத்தது என்று சுற்றிவளைத்துத்தான் வழக்குப் போட முடியும்.

திருநருக்கென்று 2019இல் இயற்றிய சட்டத்தின் 18ஆம் பிரிவு உடல், பாலியல், சொல், மன, பொருளாதாரக் கொடுமை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை தண்டனை வைத்தது. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் குறைந்தது பத்து வருஷம். அதையே திருநருக்குச் செய்தால் இந்தச் சட்டப்படி அதிகபட்சம் இரண்டு. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெற்றோர் வீட்டில் வாழத் திருநருக்கு உரிமை உண்டு, திருநர் என்ற காரணத்துக்காக வெளியேற்றக் கூடாது என்று சொன்னது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள முடியாது என்று பெற்றோர் சொன்னால் நீதிமன்றம் மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பலாம் என்று அதே பிரிவு முடிகிறது. அடிக்கிற வீடு, இல்லாவிட்டால் அரசு இல்லம். தேர்ந்துகொண்ட குடும்பத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை.

சட்டம் இப்படி இருக்க, அதே காலத்தில் நீதிமன்றங்கள் சில இடங்களில் முன்னால் போயிருக்கின்றன. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஓர் ஆணுக்கும் திருநங்கைக்குமான திருமணத்தைப் பதிவாளர் ஏற்க மறுத்தார். 2019 ஏப்ரல் 22இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்றது. அதே தீர்ப்பில், உடலமைப்பில் ஆணென்றோ பெண்ணென்றோ திட்டமாகச் சொல்ல முடியாத இடைப்பால் குழந்தைகளுக்குப் பிறந்ததும் செய்யும் பால் மாற்று அறுவை சிகிச்சைக்கு எதிராகவும் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகின்றன. கோயில் மாலை வருமா என்பது வேறு விஷயம். சமூகத்துக்கு வெளியே கல்யாணம் செய்தவர்களுக்கே மாலை வருவதில்லை என்பதுதான் வழமை.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டில் ஆண், பெண் இரண்டிலும் சேராமல் 'பிறர்' என்று பதிவானவர்கள் 22,364. கணக்கெடுக்க வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார், பெரியவர் ஒருவர் பதில் சொல்கிறார். வளவின் உள்ளே இருக்கிற பிள்ளை தன்னை என்னவென்று நினைக்கிறது என்பது அந்தப் பதிலில் எப்படி வரும்? தன்பாலீர்ப்பாளருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. இவர்கள் வீட்டுக்குள் படும் பாட்டுக்கும் தனித் தலைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. கட்டாயக் கல்யாணம் கல்யாணமாகத்தான் பதிவாகும். கிணற்றில் விழுந்தால் வயிற்றுவலி என்று எழுதிக்கொடுப்பார்கள். எண் இல்லை என்பதால் 'நம்ம பக்கமெல்லாம் அப்படி ஒண்ணும் கிடையாது' என்று சொல்லிவிட முடிகிறது.

உதவி தேடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. செட்டிநாடு ஒரே வட்டாரம் என்றாலும் ஆட்சியில் இரண்டாகக் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கை மாவட்டம்; திருமயம், ராயவரம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் அந்தந்த மாவட்டத் தலைநகரில் இருப்பார். ஆனால் மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரின் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலும் கொடுக்கலாம். அதனால் அண்ணனுக்குத் தெரிந்த ஸ்டேஷனுக்கும், அப்பச்சிக்குத் தெரிந்த வக்கீலுக்கும் முன்னால் போய் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லலாம்; அதைச் சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு மாற்றுவது போலீசின் வேலை. பெண்கள் உதவிக்கு 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்ணாக இருந்தால் சட்ட உதவிக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஒருவரை வீட்டில் அடைத்துவைத்திருந்தால், வெளியே இருக்கும் நண்பரோ துணையோ மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். பெற்றோர் வீட்டார்தான் அந்த மனுவைப் போட வேண்டும் என்பதில்லை. துணையோ நண்பரோ போடும் இத்தகைய மனுக்களில் அவர்களுடைய உறவு என்ன என்று நீதிமன்றங்கள் துருவிக் கொண்டிருக்கக் கூடாது, அடைபட்டவரிடம் தனியாகப் பேசி அவருடைய விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம்.